எரிந்த காட்டில் முதலில் பூக்கும் ஃபயர்வீட்: வாசகர் கேள்வி பதில்

வட நாடுகளின் கோடைப் பூக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே செடியைப் பற்றித்தான் கேட்டிருந்தன. கனடாவிலும் அலாஸ்காவிலும் ஃபயர்வீட், பிரிட்டனில் ரோஸ்பே வில்லோஹெர்ப், நோர்வேயில் கெய்ட்ராம்ஸ், ரஷ்யாவில் இவான் சாய் என்று வழங்கும் பல்லாண்டுச் செடி இது. தாவரவியல் பெயர் சாமேனெரியன் அங்குஸ்டிஃபோலியம். பழைய நூல்களில் எபிலோபியம் அங்குஸ்டிஃபோலியம் என்றிருக்கும். இந்த முறை எல்லாப் பதில்களும் இந்தச் செடிக்கே.

ஜூலை மாதம் காரில் போனால் வீதியோரம், ரயில் பாதையோரம், மரம் வெட்டிய மலைச்சரிவு எங்கும் ஆளுயரத்துக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. இது ஃபயர்வீட்தான் என்று எப்படி உறுதி செய்வது? இதைப் போலவே தோன்றும் நஞ்சுச் செடி ஏதாவது உண்டா?
– வாசகி, ஒஸ்லோ

பூவை விட இலைதான் நம்பகமான சாட்சி. இலை ஈட்டி வடிவில், 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், தண்டைச் சுற்றி மாறி மாறி அமைந்திருக்கும். ஓர் இலையைப் பறித்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் ஓரம் வரை போகாது. ஓரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துவிடும். அதனால் இலை ஓரத்துக்கு உள்ளே, ஓரத்தை ஒட்டியே ஓர் அலைக்கோடு ஓடுவது போல இருக்கும். செடி பூக்காத காலத்திலும் இந்த அடையாளம் மாறாது.

பூவில் இதழ்கள் 4. இதழ்களுக்கு இடையே ஒல்லியாக, அடர்ந்த நிறத்தில் 4 புல்லிகள் எட்டிப் பார்க்கும். மகரந்தத் தாள்கள் 8. சூல்தண்டின் நுனி நான்காகப் பிரிந்திருக்கும். பூவுக்குக் கீழே நீளமாகச் சிவந்து தெரியும் பகுதியைப் பலர் காம்பு என்று நினைப்பார்கள். அது காம்பல்ல, சூலகம். பிறகு அதுவே 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள விதைக்காயாக முற்றும்.

குழப்பக்கூடிய செடிகளில் பர்ப்பிள் லூஸ்ஸ்டிரைஃப் ஒன்று. அதற்கு இதழ்கள் பெரும்பாலும் 6. இலைகள் எதிரெதிராக அல்லது மூன்று மூன்றாக இருக்கும். சதுரத் தண்டு, ஈரநிலத்தில் வளரும். இன்னொன்று கிரேட் வில்லோஹெர்ப். அதன் தண்டும் இலையும் மென்மயிர் மூடியவை, இலைகள் எதிரெதிர், இதழ் நுனியில் வெட்டு இருக்கும். இவை இரண்டும் ஆபத்தானவை அல்ல.

அஞ்ச வேண்டியது ஃபாக்ஸ்குளோவ், நோர்வேயில் ரெவெபியெல்லெ என்பார்கள். மேற்கு நோர்வேயில் மரம் வெட்டிய சரிவுகளில் ஃபயர்வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பூத்திருக்கும்போது குழப்பமே வராது: பூ குழாய் போல, உள்ளே புள்ளிகளோடு, ஒரே பக்கமாகத் தொங்கும். ஆபத்து வசந்தத்தில்தான். ஃபாக்ஸ்குளோவ் முதல் ஆண்டில் பூக்காமல் தரையோடு இலைக்கொத்தாக மட்டும் இருக்கும். இலை அகலமானது, மென்மயிர் படிந்தது, நரம்புகள் வலைபோல் புடைத்திருக்கும். அதிலுள்ள நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும். உலர்த்தினாலும் வெந்நீரில் ஊறவைத்தாலும் போகாது. ஓரத்துக்கு உள்ளே ஓடும் அந்த நரம்புக்கோடு தெரியாத எந்த இலையையும் கூடையில் போடாதீர்கள்.

வசந்தத்தில் இதன் தளிரைச் சமைக்கலாம் என்கிறார்கள். எந்தப் பருவத்தில் பறிப்பது?
– வாசகர், ஸ்டாக்ஹோம்

தரையிலிருந்து சிவந்த நுனியோடு கிளம்பும் தளிர் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டுவதற்குள் பறித்துவிட வேண்டும். இலைகள் தண்டோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும் பருவம் அது. இலைகள் விரிந்து படுக்கத் தொடங்கினால் கசப்பும் நாரும் ஏறிவிட்டன என்று பொருள். விரலால் வளைத்தால் தளிர் தானாக ஒடியும் இடத்துக்கு மேற்பகுதியை மட்டும் எடுங்கள். வளைந்தும் ஒடியாத தண்டு வேகவே வேகாது.

உப்பிட்ட கொதிநீரில் 2 அல்லது 3 நிமிடம் போட்டு வடித்துவிட்டால் துவர்ப்பு குறையும். பிறகு கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, கீரைத்தண்டுப் பொரியல் போலவே தேங்காய்ப்பூ தூவி இறக்கலாம். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். அதிகம் சாப்பிட்டால் வயிறு இளகும். ஒரு கூட்டத்தில் நான்கில் ஒரு தளிருக்கு மேல் எடுக்காதீர்கள். வேர் உயிரோடு இருப்பதால் மீண்டும் துளிர்க்கும், ஆனால் துளிர்க்கிற செடி அந்த ஆண்டு உயரம் குறைந்தே பூக்கும்.

ரயில் பாதையோரம், நெடுஞ்சாலையோரம், பழைய தொழிற்சாலை நிலம், எரிந்த கட்டட மனை ஆகிய இடங்களில் எதையும் பறிக்க வேண்டாம். செடி அங்கேதான் மிகுதியாக வளரும், உண்மைதான். களைக்கொல்லியும் ஈயமும் அங்கேதான் இருக்கும்.

கூனூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ரஷ்யாவில் இந்த இலையைத் தேயிலை போலவே பதப்படுத்துவார்களாமே? நம் முறைதானா? வீட்டளவில் எப்படிச் செய்வார்கள்?
– வாசகர், கூனூர்

அடிப்படை உங்கள் முறையேதான்: வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல். நொதித்தல் என்று சொன்னாலும் அதில் முக்கிய வேலை செய்வது இலையிலேயே உள்ள என்சைம்கள். உயிரணுக்கள் உடைந்து சாறு காற்றோடு கலக்கும்போது துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறமும் மணமும் மாறுகின்றன. கறுப்புத் தேயிலையில் நடப்பதும் அதுவே. பெரிய வேறுபாடு, இந்த இலையில் காஃபீன் கிடையாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள கொபோரியே என்னும் ஊரின் பெயரால் இதைக் கொபோரியே தேநீர் என்பார்கள். 19 ஆம் நூற்றாண்டில் சீனத் தேயிலை விலை உயர்ந்திருந்தபோது, அதில் இந்த இலையைக் கலந்து விற்ற மோசடியும் பெரிய அளவில் நடந்தது. நன்றாகப் பதப்படுத்திய இலை பார்வைக்கு அவ்வளவு ஒத்திருக்கும்.

பறிக்கும் விதம் வேறு. இங்கே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்ற கணக்கில்லை. பூக்கத் தொடங்கும் பருவத்தில் தண்டின் நடுப்பகுதி இலைகளை மட்டும் உருவ வேண்டும். அடியிலைகள் முரடானவை. மேலே மொட்டுக்கு அருகிலுள்ள இலைகளைச் செடிக்கே விட்டால்தான் அது விதை வைக்கும். பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகு பறித்தால் பஞ்சு ஒட்டி எல்லாம் வீணாகும். தூசி இல்லாத இடத்து இலையைக் கழுவக் கூடாது. கழுவினால் சில இலை வாடியும் சில இலை ஈரமாகவும் நிற்கும்.

வாட்டுவதற்குப் பருத்தித் துணியில் 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு நிழலில் பரப்பி, அவ்வப்போது புரட்டுங்கள். வறண்ட நாளில் 8 மணி நேரம், சாதாரணமாக 12, மழை நாளில் 24 வரை ஆகும். இலையை இரண்டாக மடித்துப் பாருங்கள். நடு நரம்பு சடக்கென்று ஒடிந்தால் இன்னும் வாட வேண்டும். சத்தமில்லாமல் மடிந்தால் பதம். ஓரம் மொரமொரப்பானால் பதம் தப்பிவிட்டது. அந்த இலையில் சாறு வராது.

உருட்டும்போது 8 அல்லது 10 இலைகளைச் சேர்த்து உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, கருத்து ஈரம் கசியும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பாதியில் விடுவதே பலரும் செய்யும் பிழை. பச்சையாகத் தெரியும் சுருள் பச்சை வாசனையோடேதான் முடியும். 2 கிலோவுக்கு மேல் இருந்தால் கை தாங்காது. அப்போது பெரிய துளைத் தட்டு போட்ட இறைச்சி அரைக்கும் கருவியில் விடலாம், குருணைத் தூள் கிடைக்கும். அல்லது வாடிய இலையை ஓரிரவு உறையவைத்து எடுத்தால், பனித்துகள்கள் உயிரணுச் சுவரைக் கிழித்துவிடும். பிறகு உருட்டுவது எளிது.

அடுத்தது நொதிப்பு. கண்ணாடி, எனாமல், எவர்சில்வர் பாத்திரம் ஏதாவது ஒன்று. அலுமினியம் மட்டும் கூடாது, துவர்ப்புச் சத்து அதோடு வினைபுரியும். உருட்டியதை 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு அழுத்தி நிரப்பி, மேலே தட்டும் எடையும் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். வெப்பம் 22 முதல் 26 டிகிரிக்குள் இருக்கட்டும். 6 முதல் 8 மணி நேரத்தில் இளஞ்சாயம், 10 முதல் 16 மணியில் நடுத்தரம், அதற்கு மேல் போனால் கருஞ்சாயம். கடிகாரத்தை விட மூக்கை நம்புங்கள். முதலில் புல் வாசனை, பிறகு பூவாசனை, அதன்பின் பழவாசனை வரும். பழவாசனை உச்சத்துக்கு வந்து குறையத் தொடங்குவதற்குள் நிறுத்த வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினால் புளித்த நாற்றம் வரும். 15 டிகிரிக்குக் கீழே வேலை ஏறக்குறைய நின்றுவிடும். வட நாட்டுச் சமையலறையில் இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் போதும்.

உலர்த்துவதற்கு, கட்டியை உதிர்த்து, நீளச் சுருள்களை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தட்டில் 1 செ.மீ. கனத்துக்கு மிகாமல் பரப்புங்கள். ஓவன் சூடு 90 முதல் 100 டிகிரி. கதவை ஒரு மரக்கரண்டி இடுக்கித் திறந்து வையுங்கள், நீராவி வெளியேறட்டும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்து, பிறகு 50 அல்லது 60 டிகிரிக்குக் குறைத்து ஈரம் போகும்வரை விடுங்கள். முதல் சூடு என்சைமை நிறுத்துவதற்கு, இரண்டாவது உலர்த்துவதற்கு. தொடக்கத்திலேயே குறைந்த சூட்டில் வைத்தால் தட்டிலேயே நொதிப்பு தொடர்ந்து புளித்துப்போகும். 100க்கு மேல் போனால் கருகிய காகித வாசனை ஏறும். ஒரு சுருளை அழுத்தினால் ஒடிய வேண்டும், பொடியாகக் கூடாது.

5 கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய 1 கிலோ தேறும். துணிப்பையில் சில நாள் தொங்கவிட்டு, பிறகு இறுக மூடிய தகர டப்பாவில் ஒரு மாதம் வைத்திருங்கள். புதிதாகச் செய்ததில் இல்லாத மணம் அப்போது வரும். அரை லிட்டர் கொதிநீருக்கு 2 தேக்கரண்டி, 10 நிமிடம். அதே இலையில் இரண்டாம் தடவையும் நீர் விடலாம். பால் சேர்த்தால் மணம் அமுங்கிவிடும். நாங்கள் சொல்வது, வெறுமனே குடியுங்கள்.

பூவில் ஜெல்லி செய்து பார்த்தேன். சாறு அழுக்குப் பழுப்பாக வந்தது. ஜெல்லி உறையவும் இல்லை. எங்கே தவறு?
– வாசகி, டொராண்டோ

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பூவைக் கொதிக்க வைத்த நீர் எப்போதுமே மங்கலாகத்தான் இருக்கும். எலுமிச்சைச்சாறு விட்ட கணத்தில் அது பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். இதழிலுள்ள ஆந்தோசயனின் நிறமி புளிப்பில்தான் சிவக்கும். புளிப்பு விட்ட பிறகும் பழுப்பாகவே இருந்தால் இரண்டு காரணங்கள்: காம்பும் பச்சைக் காயும் அதிகம் கலந்திருக்கும், அல்லது நெடுநேரம் கொதித்திருக்கும்.

அளவு இது. காம்பு நீக்கிய பூ, அழுத்தாமல் நிரப்பிய 8 கோப்பை. தண்ணீர் நாலரைக் கோப்பை. எலுமிச்சைச்சாறு 60 மில்லி. பெக்டின் தூள் 57 கிராம் பாக்கெட் ஒன்று. சர்க்கரை 5 கோப்பை, அதாவது ஏறக்குறைய 1 கிலோ. கோப்பை என்பது 250 மில்லி.

பூவை வெள்ளைத் துணியில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் சிறு பூச்சிகள் வெளியேறிவிடும். தண்ணீரில் போட்டு மிதமான தீயில் 10 நிமிடம், இதழ் வெளுக்கும்வரை கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழிய வேண்டாம், கலங்கும். மூன்றரைக் கோப்பை சாறு அளந்து எடுத்து, எலுமிச்சைச்சாறும் பெக்டினும் கலந்து, பெரிய பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். நன்றாகக் கொதித்த பிறகு சர்க்கரை முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறுங்கள். மறுபடியும், கிளறினாலும் அடங்காத கொதி வந்ததும் சரியாக 1 நிமிடம் வைத்து இறக்கி, நுரை எடுத்து, கொதிநீரில் சுத்தம் செய்த சூடான ஜாடிகளில் மேலே 6 மி.மீ. இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். மூடிய ஜாடிகள் கொதிநீரில் முழுதும் மூழ்கி 10 நிமிடம் இருக்க வேண்டும்.

உறையாததற்கு முதல் காரணம் சர்க்கரையைக் குறைப்பது. நம் வீடுகளில் இனிப்பு அதிகம் என்று பாதியாக்கிவிடுகிறோம். சாதாரண பெக்டின், சர்க்கரையும் புளிப்பும் போதிய அளவு இருந்தால்தான் வலையாகப் பிணையும். இனிப்பு குறைவாக வேண்டுமானால் அதற்கென்றே விற்கும் குறைசர்க்கரை பெக்டினை வாங்கி, அந்தப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி செய்யுங்கள். இரண்டாவது, இரண்டு மடங்கு அளவை ஒரே பாத்திரத்தில் செய்வது. கொதி வர நேரமாகும், அதற்குள் பெக்டின் வலுவிழக்கும். மூன்றாவது, பழைய பெக்டின், தேதி பாருங்கள். ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைத்த பிறகும் நீராகவே இருந்தால், அதைப் பாகாகவே வைத்து, குளிர்ந்த சோடாவில் கலந்து குடிக்கலாம். சைவ வீடுகளுக்கு ஒரு செய்தி: பெக்டின் பழத்தோலிலிருந்து எடுப்பது, ஜெலட்டின் அல்ல.

கனடாவின் தேசியப் பூங்காக்களில் பூவோ இலையோ பறிப்பது சட்டப்படி குற்றம். தனியார் நிலமென்றால் அனுமதி கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த இடங்களில் எல்லாம் இந்தப் பூ முளைத்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் அப்படி?
– வாசகர், லண்டன்

லண்டன்வாசிகள் அதை பாம்ப்வீட் என்றே அழைத்தார்கள். 18 ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் இது பரவலாகக் காணப்பட்ட செடியல்ல. ரயில் பாதைகள் வெட்டியபோதும், முதல் உலகப் போரில் மரத்துக்காகக் காடுகளை அழித்தபோதும் பரவியது. பிறகு குண்டுவீச்சில் இடிந்த மனைகள் அதற்குக் கிடைத்தன. 2002இல் பிளாண்ட்லைஃப் அமைப்பு நடத்திய வாக்கெடுப்பில் மாவட்டத்துக்கு ஒரு மலர் தேர்ந்தெடுத்தபோது, லண்டனுக்குக் கிடைத்தது இதுதான்.

காரணம் விதையில் இருக்கிறது. ஒரு காயில் 300 முதல் 400 விதை. ஒரு பெரிய செடி ஓர் ஆண்டில் 80,000 விதை வரை உதிர்க்கும். காய் நுனியிலிருந்து நான்காகப் பிளந்து பின்னோக்கிச் சுருளும்போது, ஒவ்வொரு விதையும் தன் வெள்ளைப் பட்டிழைக் கொத்தோடு காற்றில் ஏறி வெகுதூரம் போகும். அந்த விதைக்குச் சேமிப்பு உணவு மிகக் குறைவு. புல்லும் புதரும் அடர்ந்த இடத்தில் விழுந்தால் பிழைக்காது. வெளிச்சம் நேராகப் படும் வெற்று மண், சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றில்தான் அது வேர் பிடிக்கும். போட்டியில்லாத இடம் வேண்டும் என்பதே அதன் ஒரே நிபந்தனை.

காட்டுத்தீயில் இன்னொரு வழியும் சேர்கிறது. மரநிழலில் பல ஆண்டு பூக்காமல், குட்டையாகக் காலம் தள்ளிய பழைய செடியின் வேர் மண்ணுக்குள் இருக்கும். தீ மேலே போய்விட்டால் அந்த வேர் துளிர்க்கும். வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18இல் வெடித்த பிறகு, சாம்பலைத் துளைத்துக்கொண்டு முதலில் வெளிவந்த செடிகளில் இதுவும் ஒன்று. மரக்கன்றுகள் வளர்ந்து நிழல் விழுந்ததும் ஃபயர்வீட் தானாகப் பின்வாங்கும். அதுவரை மண்ணரிப்பைத் தடுத்து, தேனீக்களுக்கு உணவளித்து, ஆண்டுதோறும் மடிந்து மட்கைச் சேர்க்கிறது. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் தேனீ வளர்ப்போர் தம் பெட்டிகளை எரிந்த, வெட்டிய காட்டுப் பகுதிகளுக்கு எடுத்துச் செல்வது இந்தச் சில ஆண்டுகளைக் கணக்கிட்டுத்தான். கனடாவின் யூகான் பிரதேசம் 1957இல் இதைத் தன் மலராக ஏற்றது. அதன் கொடியிலும் இந்தப் பூ உண்டு.

பூ உச்சிக்கு ஏறினால் கோடை முடிந்தது என்று அலாஸ்காவில் சொல்வார்களாம். அதில் உண்மை உண்டா?
– வாசகி, சென்னை

பூங்கொத்து அடியிலிருந்து மேலே பூத்துக்கொண்டே போகும். ஒரே தண்டில் கீழே காய், நடுவில் பூ, மேலே மொட்டு என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். உச்சி மொட்டு பூப்பது ஆகஸ்ட் இறுதியில் என்பதால் சொல் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் வறட்சியான கோடையில் பூ சீக்கிரம் உச்சிக்குப் போய்விடும். நல்ல மழை பெய்தால் நீளும். அதை வைத்துக் குளிருக்கு நாள் குறிக்க முடியாது.

அந்த ஏறுவரிசையில் இன்னும் சுவையான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பூவும் முதலில் ஆண், பிறகு பெண். புதிதாக விரிந்த பூவில் மகரந்தம் உதிரும். அப்போது சூல்தண்டு கீழே வளைந்து ஒதுங்கியிருக்கும். ஓரிரு நாளில் மகரந்தத் தாள்கள் துவண்டுவிட, சூல்தண்டு நிமிர்ந்து நான்கு நுனிகளையும் விரிக்கும். ஆகவே தண்டில் கீழ்ப் பூக்கள் பெண், மேற்பூக்கள் ஆண். தேனும் கீழ்ப் பூக்களில்தான் அதிகம். தேனீ கீழிருந்து தொடங்கி மேலேறி, மேலே மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த செடியின் கீழ்ப்பூவில் போய் உட்காரும். ஒரே தண்டுக்குள் கலப்பது இப்படித்தான் குறைகிறது. பூவில் ஆண் பருவமும் பெண் பருவமும் வெவ்வேறு நேரத்தில் வருவதை ஜெர்மானியரான கிறிஸ்டியான் கான்ராட் ஸ்ப்ரெங்கல் 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டறிந்தது இந்தச் செடியில்தான்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா? பக்கத்து வீட்டார் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகர், எட்மண்டன்

பக்கத்து வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தரையில் நட்டால் வேர் பக்கவாட்டில் ஓடி, தூரத்தில் புதுத் தண்டு கிளப்பும். 40 செ.மீ. ஆழத்துக்குக் குறையாத, அடியில் வடிதுளை உள்ள தொட்டியில் வையுங்கள். தொட்டியை மண்ணில் நேரடியாக வைக்காமல் கல்மேல் வையுங்கள். இல்லையென்றால் துளை வழியாக வேர் இறங்கும்.

விதை புதியதாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டில் முளைப்புத்திறன் போய்விடும். மண்ணின் மேலே தூவி லேசாக அழுத்துங்கள், மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் 10 நாளில் முளை தெரியும். முதல் ஆண்டில் பெரும்பாலும் இலைதான், இரண்டாம் ஆண்டில் பூ. அவசரமென்றால் வசந்தத் தொடக்கத்தில் 8 செ.மீ. வேர்த்துண்டு ஒன்றைப் படுக்கைவாட்டில் 3 செ.மீ. ஆழத்தில் புதைத்தால் அந்த ஆண்டே பூக்கலாம். காய் பழுப்பாகி வெடிக்குமுன் தண்டை வெட்டிவிட்டால் பக்கத்து வீட்டாரோடு உறவு கெடாது.

ஏற்கெனவே பரவிவிட்டதென்றால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். மொட்டு வைக்கும் பருவத்தில் தரையோடு அறுத்து, மறுபடி துளிர்த்ததும் கோடை முடிவில் இன்னொரு முறை அறுங்கள். இரண்டு மூன்று ஆண்டு விடாமல் செய்தால் வேரின் சேமிப்பு தீர்ந்து செடி மெலியும்.

ஊட்டியில் குளிர்தானே? விதை வரவழைத்துப் போட்டால் வளருமா?
– வாசகர், உதகமண்டலம்

வேண்டாம் என்பதே எங்கள் பதில், இரண்டு காரணங்களுக்காக. மாதக்கணக்கில் உறைபனியில் உறங்கி எழுந்து, இரவே குறைந்த நீண்ட கோடைப் பகலில் வளரும் செடி இது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் அடிக்கிறது. ஆண்டு முழுவதும் பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. செடி இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஒருவேளை வளர்ந்துவிட்டால்? அதுதான் பெரிய கவலை. வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்னும் புதர்கள் நீலகிரிப் புல்வெளிகளை இன்றும் மூடிக்கொண்டிருக்கின்றன. காற்றில் பறக்கும் விதையுள்ள இன்னொன்றைச் சோலைப் புல்வெளிக்குப் பக்கத்தில் தூவுவது பொறுப்பான செயல் அல்ல. விதை இறக்குமதிக்கு 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். அஞ்சல் உறையில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள்.

இதன் உறவினர் உங்கள் ஊரிலேயே உண்டு. ஊட்டித் தோட்டங்களில் தொங்கும் ஃபியூஷியா இதே குடும்பம். சமவெளி வயல் வரப்பில் மஞ்சளாக நான்கிதழ் பூக்கும் காட்டுக்கிராம்பும் அப்படியே. அதன் பூவுக்கடியிலும் காம்பு போன்ற நீண்ட சூலகத்தைப் பார்க்கலாம். இந்திய மண்ணிலேயே நெருங்கிய சொந்தத்தைப் பார்க்க வேண்டுமானால், ஆகஸ்டில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே குட்டையாக, பெரிய இதழ்களோடு பூப்பது சாமேனெரியன் லாட்டிஃபோலியம். கிரீன்லாந்தின் தேசிய மலரும் அதுவே.

எங்கள் ஊரில் ஃபயர்வீட்டைக் கண்டதும் பிடுங்கச் சொல்கிறார்கள். நீங்கள் தேநீர் போடச் சொல்கிறீர்கள்!
– வாசகி, சிட்னி

பிடுங்குங்கள், தயவுசெய்து குடிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரில் வழங்குவது செனிசியோ மடகாஸ்காரியென்சிஸ் என்னும் வேறு செடி. மஞ்சள் பூ, சிறு டெய்சி வடிவம், முழங்கால் உயரம். அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும், மனிதருக்கும் நஞ்சு. கையுறை அணிந்து பிடுங்கி, பூத்திருந்தால் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். பிடுங்கிப் போட்ட பிறகும் பூ விதையாக முற்றும்.

புராஸ்டேட் வீக்கத்துக்கு இந்தத் தேநீர் நல்லது என்று வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

முதலில் மருத்துவரிடம் காட்டி, வேறு கடுமையான நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை இந்த வகைச் செடிகளை, சாதாரண புராஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு ஏற்றிருக்கிறது. ஆனால் ஏற்றது மரபாக நீண்டகாலம் பயன்பட்டு வந்திருக்கிறது என்ற அடிப்படையில். மருத்துவச் சோதனைகளில் நிரூபணமானதால் அல்ல. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது கூடாது. சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். துவர்ப்புச் சத்து மிகுந்திருப்பதால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

செடியில் விரல் தடிமனுக்குப் பழுப்புப் புழு. தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கண் போன்ற புள்ளிகளைக் காட்டுகிறது. மருந்து அடிக்கலாமா?
– வாசகர், பர்மிங்காம்

அடிக்காதீர்கள். அது எலிஃபண்ட் ஹாக் மாத் என்னும் அந்துப்பூச்சியின் புழு. கடிக்காது, செடியையும் அழிக்காது. அந்தக் கண்புள்ளிகள் பறவைகளை மிரட்டுவதற்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் செடியை விட்டிறங்கித் தரையில் ஊர்ந்துபோய், சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே செடியடியில் விழுந்த சருகை இலையுதிர் காலத்தில் வாராமல், மே இறுதி வரை அப்படியே விட்டுவையுங்கள்.